வழிச்சாமியின் சீட்டு

சிஸ்டர் மார்த்தா இறந்த செய்தி வந்தபோது, நான் அவருக்காகத்தான் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தேன். நவம்பர் ஆறாம் தேதி, காலை பத்து மணி இருக்கும். முதல் நாள் பிடித்த மழை விட்டபாடில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர் மருந்தக வாசலில் வந்து நின்றார்கள். ஒருத்தி முதுகுக் கூடையைக்கூட இறக்கவில்லை.

"டிரெசரய்யா, மாத்தா சிஸ்டர் சிம்பாங் தாண்டி மதகுக் கட்ட மேல ஒக்காந்திருக்காங்க. கொட புடிச்சபடியே இருக்காங்க. கூப்பிட்டோம், திரும்பல."

பெரிய சாலையிலிருந்து எங்கள் தோட்டச் சாலை பிரியும் இடத்தைத்தான் சிம்பாங் என்போம். தானா ராத்தாவிலிருந்து பஸ்ஸில் வந்து அங்கே இறங்கி, ஒன்றரை மைல் ஏறி வருவது அவர் வழக்கம். நான் தோட்டத்து டிரெசர், மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் வைத்திய உதவியாளன். ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓடினேன். கட்டையின் மேல் நேராக உட்கார்ந்திருந்தார். குடை தோளில் சாய்ந்திருந்தது, கைப்பை மடியில் இருந்தது, களைத்து இளைப்பாறுகிறவரைப் போலத்தான் இருந்தார். நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டேன். அந்த நெஞ்சின் சத்தம் எனக்குப் பத்து வருடப் பழக்கம். ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் துருத்தி ஊதுவதுபோல ஒரு சத்தம் வரும். அன்று மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அவருடைய நினைவு மலருக்குக் கட்டுரை எழுதித் தரும்படி மாதா கோயில் ஃபாதர் என்னைக் கேட்டபோது, நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவன், சபைக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே என்று தட்டிக்கழிக்கப் பார்த்தேன். நீங்கள்தான் அவரோடு அதிகம் சண்டை போட்டவர், அதனால் நீங்களே எழுதுங்கள் என்றார். உண்மைதான். என் வாய் பொல்லாத வாய். அந்த வாய் செய்த வேலையும் என் கை செய்த ஒரு தவறும் இதில் வரும். அஞ்சலி எழுதும் இடத்தில் இதையெல்லாம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லாமல் விட்டால் அந்த அம்மையாரைப் பற்றிப் பாதிதான் சொன்னதாகும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் கேமரன் மலைக்கு வந்தார். அமெரிக்காக்காரர். தூர தேசங்களுக்குப் போய் ஊழியம் செய்வதற்கென்றே ஏற்பட்ட ஒரு துறவியர் சபையைச் சேர்ந்தவர். தானா ராத்தாவில் மூன்று சகோதரிகள் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். இவர் நர்ஸ் படிப்பு படித்தவர், எலும்பு பெரிதான உயரமான பெண்மணி. வாரம் ஒருமுறை எங்கள் தோட்டத்து மருந்தகத்துக்கு வருவதாக ஏற்பாடானது. எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. பதினைந்து வருடமாக நான் ஒற்றை ஆளாக ஆண்ட இடம் அது.

முதல் நாள் வந்ததும் என் அலமாரியை மேலும் கீழும் பார்த்து, இருமலுக்கும் வயிற்றுவலிக்கும் காய்ச்சலுக்கும் எல்லாம் ஒரே நிறத்தில் மருந்து இருக்கிறதே என்றார். நிறம் ஒன்றானாலும் குணம் வேறு என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் அடுத்த நிமிடமே நான் பழிவாங்கும்படி ஆயிற்று. ஏதோ பழைய புத்தகத்தில் தமிழ் கற்றவர் போலும், கூலியாட்களை மேய்த்து ஓய்ந்த எழுபது வயது மண்டோர் ஒருவரிடம் குனிந்து, "நீவிர் இருமுகிறீரோ?" என்று கேட்டார். ஏதோ ஜெபம் சொல்கிறார் என்று நினைத்த மண்டோர் கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். நான் சிரித்த சிரிப்பில் ஒரு சீசா உடைந்தது. அவரும் சிரித்தார். அன்றோடு பகை முடிந்தது. இரண்டு வருடத்துக்குள் லயத்து வரிசை வீட்டுப் பெண்களைப் போலவே பேசப் பழகிவிட்டார். வாக்கியத்தின் வாலில் 'லா' போடுவதுவரை.

வைத்தியம் முடிந்ததும் தோட்டத்துச் சின்ன மாதா கோயிலின் படிக்கட்டில் உட்கார்ந்து பெண்களுக்குக் கதை சொல்வார். எல்லாம் அவர் சபையின் புனிதர்களும் புண்ணியவான்களும் வாழ்ந்த கதைகள். அந்தச் சபையில் படுக்கையில் கிடந்து இறந்தவர்கள் குறைவு என்றுதான் எனக்குத் தோன்றியது. ஒருவர் ஆற்றில் மூழ்கினார், ஒருவரைக் கல்லால் அடித்தார்கள், ஒருவர் காய்ச்சல்காரர்களைப் பார்க்கப் போய்த் தாமும் அதிலேயே போனார். வாய் திறந்து கேட்பார்கள் எங்கள் பெண்கள், சினிமாவுக்குக்கூட அப்படி உட்கார்ந்ததில்லை. வெள்ளைக்காரப் பெயர்கள் அவர்கள் வாயில் நுழையாததால் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள்: தண்ணிச்சாமி, கல்லடிச்சாமி, காய்ச்சச்சாமி. தொண்ணூறு வயதுவரை இருந்து தூக்கத்தில் இறந்த ஒரே ஒரு சகோதரிக்குக் கெழவிச்சாமி.

வழிச்சாமி என்று ஒருவர் உண்டு. எங்கோ ஒரு மலைநாட்டில், பிரசவ வேதனையில் கிடந்த பெண்ணைப் பார்க்க மழையில் புறப்பட்ட இளம் சகோதரி, பாதி வழியில் இறந்துபோனார். அந்தப் பெண் பிழைத்தாளா என்று யாராவது ஒருத்தி ஒவ்வொரு முறையும் கேட்பாள். புத்தகத்தில் அது எழுதவில்லை என்று சிஸ்டர் ஒவ்வொரு முறையும் சொல்வார்.

அவர்கள் மடத்தில் ஒரு பழக்கம் இருந்தது. வருடப் பிறப்பன்று ஆளுக்கொரு சீட்டு எடுப்பார்கள். சீட்டில் எந்தப் புனிதரின் பெயர் வருகிறதோ அவர் அந்த வருடம் முழுவதும் துணையாக இருப்பார். எங்கள் தோட்டத்திலும் இதைச் செய்யலாம் என்று சிஸ்டர் ஆசைப்பட்டார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் சீட்டுகளைத் தமிழில் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார். அவரே கைப்பட எழுதிய நீல அட்டை நோட்டு ஒன்றைத் தந்தார். பெயர், ஒரு வரியில் வரலாறு, கீழே பிறந்த நாள். நான் எழுதிய சீட்டுகளை மடித்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டார்.

பிறந்த நாள் என்று அவர் சொன்னது அவர்கள் இறந்த நாளை. ஒரு புனிதர் இறக்கும் நாளில்தான் விண்ணகத்தில் பிறக்கிறார் என்பது அவர்கள் சபை வழக்கம் என்று விளக்கினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. தேதிகளை எண்ணால் எழுதியிருந்தார். சிலவற்றில் பத்தொன்பதாம் மாதம், இருபத்திரண்டாம் மாதம் என்று வந்தது. வெள்ளைக்காரம்மா அவசரத்தில் தலைகீழாக எழுதிவிட்டார் என்று நினைத்து அவற்றை மட்டும் நானே திருத்திக்கொண்டேன். மற்றவற்றில் முதல் எண்ணை நாளாகவும் அடுத்ததை மாதமாகவும் கொண்டு எழுதினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவருடைய தவறைத் திருத்திய பெருமையில் கேட்கவில்லை.

எங்கள் மாரியம்மன் கோயிலில் பூப் போட்டுப் பார்ப்போம். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியே பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். வருவதுதான் குறி. அப்படிப்பட்ட ஜனங்களிடம் ஒரு டின்னை நீட்டிச் சீட்டு எடுக்கச் சொன்னால் என்ன நினைப்பார்கள்? போதாதற்கு, ஒருவன் செத்தால் 'அவன் சீட்டு கிழிஞ்சிடுச்சு' என்றுதான் நாங்கள் பேசுவோம். சிஸ்டருக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும்.

அந்த வருடப் பிறப்பன்று எங்கள் மாரியம்மன் ஆட்களும் வரிசையில் நின்றார்கள். சீட்டை விரித்த ஒருவர், பிறந்த நாள் என்று போட்டிருக்கிறதே, யாருடைய பிறந்த நாள் என்று என்னைக் கேட்டார். நான் சும்மா இருந்திருக்க வேண்டும். "அவங்க கணக்குல செத்த நாள்தான் பொறந்த நாள். தேதி குறிச்சுக் குடுத்தாச்சு, பாத்து இருந்துக்குங்க" என்று சொல்லிவிட்டு நானே சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

தண்ணிச்சாமி சீட்டை எடுத்தவர் தேயிலை பதப்படுத்தும் ஸ்டோரில் வேலை செய்த மிக்கேல். அந்த வருடம் ரிங்லெட் அணைக்கட்டு ஏரியில் தூண்டில் போடப் போன இடத்தில் வழுக்கி விழுந்து இறந்தார். சீட்டில் இருந்த தேதிக்கு இரண்டு நாள் கழித்து. இரண்டு நாள் தள்ளிப் போனதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, தண்ணீர் சரியாக வந்ததே போதும் என்றார்கள். மறு வருடம் காய்ச்சச்சாமி சீட்டை எடுத்த மருந்து தெளிக்கும் சின்னப்பன், சீட்டில் போட்டிருந்த அதே தேதியில் காய்ச்சலில் இறந்தார். அவரைப் பார்த்துக்கொண்டது நான்தான். அந்த வாரம் தோட்டத்தில் பதினோரு பேருக்கு அதே காய்ச்சல் இருந்தது. பத்துப் பேர் எழுந்து நடந்தார்கள் என்று வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தேன். கேட்பாரில்லை.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருக்கும். அந்தத் தேதி நெருங்க நெருங்க அந்த வீட்டில் பேச்சுக் குறையும். அன்று வேலைக்கு வரமாட்டார்கள், அடுப்பு மூட்டமாட்டார்கள். கத்தியையும் அரிவாளையும் பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்பார்கள். மறுநாள் காலை கதவு திறக்கிறதா என்று லயமே பார்த்துக்கொண்டிருக்கும்.

சிஸ்டர் நொறுங்கிப்போனார். டின்னைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றார். ஜனங்கள் விடவில்லை. மறைத்து வைத்தால் மட்டும் வராமல் போய்விடுமா, தெரிந்தே இருந்துவிட்டுப் போகிறோம் என்று கேட்டு வாங்கி எடுத்தார்கள். பயம் அப்படித்தான், ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் தனக்கு நாற்காலி கேட்கும். என்னையும் ஒரு சீட்டு எடுக்கச் சொல்வார் சிஸ்டர். நான் மாரியம்மன் ஆள் என்று நழுவுவேன். நம்பிக்கை இல்லாதவர் ஏன் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறீர்கள் என்று கேட்பார்.

மூன்றாம் வருடம் வழிச்சாமியின் சீட்டு அமலிக்கு வந்தது. அமலி கொழுந்து பறிக்கிறவள், லோரி ஓட்டும் சவரிமுத்துவின் மனைவி. அப்போது நான்கு மாதம். அதற்கு முன் ஒரு குழந்தை வயிற்றிலேயே இறந்திருந்தது. சீட்டில் இருந்த தேதி ஜூன் 11. பிரசவம் ஜூன் நடுவில் இருக்கும் என்று நாள் கணக்குப் போட்டுச் சொன்னவன் நான். அமலி சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

அந்த ஜூன் பதினொன்று சிஸ்டர் வரும் நாளாக அமைந்தது. அமலி காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வரவில்லை, காலையிலிருந்து கதவு சாத்தியே இருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொன்னாள். போய்ப் பார்த்தோம். கட்டில் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். வாயில் துணியைத் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் மாலையே வலி எடுத்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல், புருஷனையும் வேலைக்கு அனுப்பிவிட்டு, அந்த நாள் கழியும்வரை அடக்கிக்கொண்டிருக்கப் பார்த்திருக்கிறாள். குழந்தைக்குக் கால் முன்னால் வந்துகொண்டிருந்தது. என் கைக்கு மீறிய விஷயம். தோட்ட மானேஜர் துரையின் லேண்ட் ரோவரைக் கேட்டு வாங்கி வாசலில் நிறுத்தினோம்.

அவள் எழுந்திருக்கவில்லை. "நாளைக்கு வரேன் சிஸ்டர். இன்னிக்கு மட்டும் வேணாம். இன்னிக்கு வழியில போனா நான் திரும்ப மாட்டேன்."

நாளைக்கு நீயும் இருக்கமாட்டாய், பிள்ளையும் இருக்காது என்று நான் கத்தினேன். சிஸ்டர் என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்தார். தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டைக் காட்டச் சொன்னார். அமலி முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். சிஸ்டர் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டு வந்தவர் கடைசி வரியில் நின்றார். நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார். என் கையெழுத்துப் புரியவில்லை போலும் என்று நினைத்தேன்.

தம்முடைய ஜெபப் புத்தகத்தைத் திறந்து, அந்த வருடம் தமக்கு வந்த சீட்டை எடுத்தார். கெழவிச்சாமியின் சீட்டு.

"இது என்னோடது அமலி. தொண்ணூறு வயசு, தூக்கத்துல போனாங்க. இத நீ வச்சுக்கோ. ஒன்னோடத எனக்குக் குடு. இனிமே அந்த வழி என்னோடது."

"அப்ப ஒங்களுக்கு?"

"எனக்கு நடந்து பழக்கம் லா" என்றார் சிஸ்டர்.

அமலி சீட்டை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டு எழுந்தாள். தானா ராத்தா போகும்வரை பனிமூட்டத்தில் வண்டி ஊர்ந்தே போயிற்று. ஒவ்வொரு வளைவிலும் அவள் கண்ணை இறுக மூடுவாள், சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொள்வார். வழிச்சாமியின் கதையில் புத்தகம் எழுதாமல் விட்ட பெண் பிழைத்துவிட்டாள் என்றே வைத்துக்கொள், அவள் பெயர் அமலி என்று சிஸ்டர் சொல்லிக்கொண்டு வந்தார். மாலை நான்கு மணிக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. ஜெசிந்தா. அரை மணி நேரம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்றார் டாக்டர்.

அன்றைக்குத் தோட்டத்தின் பயமெல்லாம் இடம் மாறியது. அதற்குப் பிறகு வருடப் பிறப்புச் சீட்டை யாரும் கேட்கவில்லை. வழிச்சாமியின் சீட்டை சிஸ்டர் வாங்கிக்கொண்டார், இனி அவருக்குத்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். சீட்டின் தவணை ஒரு வருடத்தோடு முடிகிறது என்று நான் வாதாடிப் பார்த்தேன். கைமாறிய சீட்டுக்குத் தவணை கிடையாது என்று தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி சட்டம் பேசினார். ஒவ்வொரு ஜூன் பதினொன்றுக்கும் ஜெசிந்தாவின் பிறந்த நாளுக்குக் கேக் வாங்கிக்கொண்டு சிஸ்டர் வருவார். அமலியும் நாலைந்து பெண்களும் சிம்பாங்கில் காத்திருந்து, அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வருவார்கள். திரும்பும்போதும் பஸ் ஏற்றிவிட்டுத்தான் வருவார்கள். நடுவழியில் ஒரு லோரி ஹார்ன் அடித்தாலும் அவரைத் தேயிலைச் செடிக்குள் தள்ளிவிடுவார்கள். கேக் நசுங்கிவிடும் என்று அவர் சிரிப்பார். பத்து வருடம் இப்படி நடந்தது. ஜூன் பன்னிரண்டாம் தேதி தோட்டமே மூச்சுவிடும்.

சிஸ்டருக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டிருந்தது. சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலின் மிச்சம். மலை ஏறக் கூடாது, சொந்த ஊருக்குப் போய் ஓய்வெடுங்கள் என்று டாக்டர்கள் சொன்னார்கள். போகவில்லை. வாராந்தர வருகையை மட்டும் குறைத்துக்கொண்டார். ஆனால் வருடா வருடம் நவம்பர் ஆறாம் தேதி, அது என்ன கிழமையானாலும், அடைமழையில் தனியாக நடந்து என் மருந்தகத்துக்கு வருவார். நெஞ்சைச் சோதித்துப் பார்க்கச் சொல்வார். குழலை வைத்துக் கேட்பேன்.

"இன்னும் அடிக்குதா டிரெசர்?"

"அடிக்குது சிஸ்டர்."

"சரி. அடுத்த வருஷம் பாக்கலாம்."

பிறகு இரண்டு குவளைத் தேநீர் குடிப்போம், அரசியல் பேசுவோம், அவர் போய்விடுவார். வருடாந்தரச் சோதனை, மறக்காமல் இருக்க ஒரு தேதி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். மழை இல்லாத மாதமாகப் பார்த்து வந்தால் என்ன என்று ஒரு வருடம் கோபித்துக்கொண்டேன். இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு நவம்பரில் ஏன் இந்த வழியில் நடக்க வேண்டும், வண்டி அனுப்பச் சொன்னால் துரை அனுப்பமாட்டாரா என்றேன். அவர் குவளையைக் கீழே வைத்தார்.

"ஒரு நாளுக்குப் பயந்து உள்ள ஒக்காந்துட்டா, அந்தம்மாகிட்ட நான் சொன்னது பொய்யாப் போயிடும், டிரெசர்."

அந்தம்மா என்றது மரியன்னையை என்று எடுத்துக்கொண்டேன். வேதக்காரர்களின் நேர்த்திக்கடன் எதுவோ, நமக்கென்ன என்று மேலே கேட்கவில்லை. எதிலும் மூக்கை நுழைக்கிற நான், கேட்க வேண்டிய அந்த ஒரு நாளில் பெரிய மனுஷனாக வாயை மூடிக்கொண்டேன்.

இந்த வருடமும் அவர் வருவார் என்று தண்ணீர் வைத்தேன். மற்றதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மடத்துத் தலைமைச் சகோதரி என்னைக் கூப்பிட்டு ஒரு பொட்டலம் கொடுத்தார். மேலே 'டிரெசருக்கு' என்று சிஸ்டரின் கோணல் தமிழில் எழுதியிருந்தது. உள்ளே பிஸ்கட் டின்னும் நீல நோட்டும் இருந்தன. வழிச்சாமியின் பக்கத்தில் அந்தச் சீட்டு செருகியிருந்தது, மடிப்பில் கிழியும் நிலையில். சீட்டில் என் கையெழுத்தில் ஜூன் 11. நோட்டில் அவர் கையெழுத்தில் 11/6.

விஷயம் ஒரு நொடியில் விளங்கியது. அவர்கள் ஊரில் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். அவர் எதையும் தலைகீழாக எழுதவில்லை. நான்தான் பாதியைத் திருத்தி, மீதியைத் தலைகீழாக்கியிருக்கிறேன். பதினோராம் மாதம், ஆறாம் தேதி. வழிச்சாமி வழியில் இறந்த நாள் நவம்பர் ஆறு.

டின்னுக்குத் திரும்பியிருந்த மிக்கேலின் சீட்டையும் தேடி எடுத்து நோட்டோடு ஒப்பிட்டேன். அதுவும் தவறு. தண்ணிச்சாமியின் உண்மையான நாள் வேறு ஒரு மாதத்தில் இருந்தது. ஆக, இல்லாத ஒரு தேதிக்காகவா இத்தனை பேர் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒரு பக்கம் சிரிப்புக்கூட வந்தது. மறுபக்கம், அமலி வீட்டுத் தரையில் உட்கார்ந்து கடைசி வரியைப் படித்துவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. அந்த நிமிடமே அவருக்குத் தெரிந்துவிட்டது. தேதி தவறு, நவம்பர் என்று சொல்லியிருந்தால் அமலி அன்றைக்கு எழுந்திருப்பாள். ஆனால் பிள்ளையைப் பெற்றெடுத்துவிட்டு ஒவ்வொரு நவம்பருக்கும் செத்துக்கொண்டிருப்பாள். அதனால் பேசாமல் தாமே வாங்கிக்கொண்டார். என் பிழையையும் சேர்த்துத்தான். அந்தம்மா என்று அவர் சொன்னது அமலியைத்தான்.

நான் வைத்தியம் பார்க்கிறவன். கெட்டுப்போன வால்வு ஒரு மழைநாளில், ஏற்றத்தில், நின்றுபோகும். அது எந்தத் தேதியிலும் நடக்கலாம். அந்த மழையில் அந்த ஏற்றத்தில் வருடா வருடம் அவரை நடக்க வைத்தது அந்தத் தேதிதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதற்குமேல் எனக்குத் தெரியாது. இதை எழுதும்போதும் அந்த டின் என் மேசையில்தான் இருக்கிறது, அதன் பக்கம் பார்க்காமல்தான் எழுதுகிறேன்.

இரண்டு நாள் நோட்டை ஒளித்து வைத்திருந்தேன். ஜூன் கழிந்துவிட்டது, நவம்பரில் சாதாரணமாகத்தான் போனார் என்று தோட்டம் ஆறுதல் அடைந்திருந்தது. சீட்டு பொய்த்தது என்றுகூடச் சிலர் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால், தன் சாவைத்தான் சிஸ்டர் வாங்கிக்கொண்டார் என்று அமலி உடைந்துபோவாளே என்று பயந்தேன். ஆனால் ஒருமுறை திறந்த வாய் செய்த கேட்டை மூடிய வாய் சரிசெய்துவிடாது. மூன்றாம் நாள் கொழுந்து நிறுவை முடிந்ததும் அமலியை மருந்தகத்துக்கு வரச் சொல்லி, நோட்டையும் சீட்டையும் மேசையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். செத்த நாள் என்று அன்று நான் அடித்த கேலியிலிருந்து, தேதியை மாற்றி எழுதியதுவரை. அவள் என்னை அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவள் சீட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுதது எனக்காகவோ தனக்காகவோ இல்லை.

"ஜூன் மாசம் நாங்க அத்தன பேரும் கையப் புடிச்சு நடந்தோம், டிரெசரய்யா. நடக்க வேண்டிய நாள்ல அவங்க தனியா நடந்திருக்காங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கூட வந்திருப்பேனே. அது என் வழிதானே."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அதுவரை எனக்கு வரவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

நேற்று முப்பதாம் நாள். மழை இருந்தது. அமலியும் சவரிமுத்துவும் பத்து வயது ஜெசிந்தாவும் நானும் சிம்பாங்கிலிருந்து மருந்தகம்வரை ஒன்றரை மைல் நடந்தோம். மதகுக் கட்டையருகே கொஞ்சம் நின்றோம். சிஸ்டரும் தன்னைப் போல் பதினோராம் தேதியில் பிறந்தவரா என்று ஜெசிந்தா கேட்டாள். இல்லை, ஆறாம் தேதி என்று அவள் அம்மா சொன்னாள். பிறந்த நாள் என்ற அந்தச் சொல்லை யாரும் அவளுக்கு விளக்கவில்லை.

மருந்தகத்துக்கு வந்து தேநீர் போட்டுக் கொடுத்தேன். பிறகு ஒரு வெள்ளைத் தாளை அளவாக வெட்டி, புதிதாக ஒரு சீட்டு எழுதினேன். பெயர் சிஸ்டர் மார்த்தா. வரலாறு ஒரே வரி: அமலிக்காக நடந்தவர். அதை மடித்து டின்னுக்குள் போடப் போனேன். அமலி கையை நீட்டினாள். அவளுக்குக் குலுக்கல் வேண்டியிருக்கவில்லை, வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சிஸ்டர், நிம்மதியாகப் போய் வாருங்கள். அடுத்த நவம்பரில் நாங்கள் எல்லோரும் கூட நடப்போம். அந்தச் சீட்டின் கடைசி வரியில் உங்கள் பிறந்த நாளை எழுதியிருக்கிறேன். மாதம் இந்த முறை தவறவில்லை.